வீட்டோடு சேர்ந்தது

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். வீடு மாற்றிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் முதலாளியில் தொடங்கி மூட்டை தூக்குகிறவர்கள்வரை எல்லாருக்கும் அவள் லாரியக்கா. லாரி ஓட்டத் தெரியுமா என்றால் தெரியாது. சைக்கிளே தெரியாது. ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை விட்டால் போதும், அங்கிருக்கும் சாமான்களுக்குச் சின்ன லாரி போதுமா, நடு லாரி வேண்டுமா, பெரிய லாரி இல்லாமல் ஆகாதா என்று சொல்லிவிடுவாள். எண்ணமாட்டாள். டேப் பிடிக்கமாட்டாள். தாளும் பேனாவும் அவள் பையில் இருந்ததே இல்லை.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்காதவர்கள் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் சொல்லி வைத்திருந்தாள். முதலாளியிடம் "பழக்கம்" என்றாள். டிரைவரிடம் "உனக்குச் சொன்னா என் வேலை போயிடும்" என்றாள். உண்மை என்னவென்றால் அவளுக்கே தெரியாது. பார்ப்பாள், வந்துவிடும். அவ்வளவுதான். தும்மல் எப்படி வருகிறது என்று கேட்டால் யாராவது விளக்கம் சொல்ல முடியுமா?

ஆனாலும் சில சட்டதிட்டங்கள் வைத்திருந்தாள். தான் பார்த்து முடிக்கும்வரை வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அது முதல் சட்டம். "கொஞ்சம்தான் இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தக் "கொஞ்சம்" போய்க் கண்ணில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எல்லாமே கொஞ்சமாகத் தெரியும். ஒரு வக்கீல், வக்கீல் அல்லவா, வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல், "எங்க சாமான் ஒரு கைப்பிடிதாம்மா" என்று வாசலிலேயே சொல்லித் தொலைத்தார். லாரியக்கா அவரை முறைத்துவிட்டு, தெருமுனைக்குப் போய், ஒரு டீ குடித்து, அந்தக் கைப்பிடியை மறந்த பிறகுதான் திரும்பி வந்து பார்த்தாள். பெரிய லாரி தேவைப்பட்டது.

பரப்பி வைத்தது அதிகம் போலக் காட்டும், அடுக்கி வைத்தது குறைச்சல் போலக் காட்டும். இது அவளுக்குத் தெரியும். துணி மூட்டை பொய் சொல்லும், அழுத்தினால் பாதியாகிவிடும். புத்தகம் அதற்கு நேர்மாறு, மூலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்துவிட்டு லாரியில் ஏறியதும் வாயைப் பிளக்கும். பிறகு, வீட்டோடு சேர்ந்தது என்று ஒன்று இருக்கிறது. சுவரில் பதித்த அலமாரி, மின்விசிறி, குழாய், கதவு, ஜன்னல். ஆட்கள் போனாலும் இவை அங்கேயே இருக்கும், இவற்றுக்கு லாரியில் இடம் வேண்டாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். ஒரு அறை நிறைந்திருக்கிறதே என்று பயந்துபோவார்கள், பார்த்தால் பாதி அறை வீட்டோடு சேர்ந்ததாக இருக்கும். லாரியக்காவின் கண் அதையெல்லாம் தானாகவே கழித்துவிடும். கழிக்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அதற்காக அவளுக்கு எல்லா அளவும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். டீயில் சர்க்கரை போடச் சொன்னால் பாயசம் ஆக்கிவிடுவாள். வயது விஷயத்தில் இன்னும் மோசம். ஒரு வீட்டுக்குப் போய், கதவைத் திறந்த பெண்மணியிடம் "உங்க பையன் போன் பண்ணியிருந்தாரே" என்றாள். போன் பண்ணியது அந்த அம்மாளின் கணவர். அந்த வீட்டு வேலை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் தன் வீட்டிலேயே தலைகால் புரியாமல் போனது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பேச்சு வந்து வந்து போனது, கடைசியில் பேச்சும் வருவதை நிறுத்திக்கொண்டது. அவளும் தங்கையும்தான் வீட்டில். தங்கை புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தாள். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டுவிட்டது. தங்கை போகவில்லை. உள்ளறையில் தையல் மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடையும் ஜன்னல் திரைகளும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசல் அறை அக்காவுக்கு, உள்ளறை தங்கைக்கு, நடுவில் ஒரு ஹால், பின்னால் சமையலறை. காலையில் யார் முதலில் குளிப்பது என்பதைத் தவிர இருவருக்கும் பெரிய சண்டை வந்ததில்லை.

ஒரு நாள் தங்கையின் மகன் போன் செய்தான். மருமகளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. "அம்மா, வந்துடும்மா. வீடு பெருசு, பாதி காலியா கெடக்கு. உன் சாமானையும் எடுத்துட்டே வந்துடு. எதுக்கு இனிமே அங்கேயும் இங்கேயும்? லாரிக்குத்தான் பெரியம்மா இருக்காங்களே" என்றான். பிறகு போனை வாங்கிய லாரியக்காவிடம், "நீங்களும் வந்துடுங்க பெரியம்மா" என்றான். நல்ல பிள்ளை. மனசாரத்தான் சொன்னான். "எனக்கு இங்க வேலை இருக்குடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தாள். தங்கை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனால், பிரசவம் முடிந்து, குழந்தையைக் குளிப்பாட்டி வளர்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். லாரியோடு போனால்? லாரியக்கா இந்தத் தொழிலில் எத்தனையோ வீடுகளைக் காலி செய்து அனுப்பியிருக்கிறாள். லாரியோடு போனவர்கள் யாரும் அதே வீட்டுக்குத் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. தங்கை இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றாள். நினைக்கவே வரவில்லை.

சொல்ல வேண்டியதுதானே, போகாதே என்று? ஒரே வார்த்தை. அதுதான் வாயில் வரவில்லை. மகன் கூப்பிடுகிறான், பேரனோ பேத்தியோ வரப்போகிறது, இதில் குறுக்கே விழ நான் யார் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வளையவந்தாள்.

மறுநாள் காலை தங்கை டீ டம்ளரை மேஜையில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்தது.

"அக்கா, எந்த லாரி வேணும்னு பார்த்துச் சொல்லு."

லாரியக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே கிடந்த செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, நிலைக்கு வெளியே நின்று, ஊரார் வீட்டைப் பார்ப்பதுபோலவே தன் வீட்டையும் பார்த்தாள். ஹாலைப் பார்த்தாள், அறைகளுக்கு நேரே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சமையலறையை எட்டிப் பார்த்தாள். வந்துவிட்டது.

"பெரிய லாரி" என்றாள்.

தங்கை திரும்பினாள். "பெரிய லாரியா? அப்போ என்னை மொத்தமா வழிச்சு அனுப்பிடலாம்னு பார்க்கிறே. ஒரு கரண்டிகூட மிச்சம் இருக்கக் கூடாது. அப்படித்தானே?"

"ஐயையோ, நான் எங்கேடி அப்படிச் சொன்னேன்?"

"பின்னே பெரிய லாரிக்கு என்னடி அர்த்தம்?" கோபம் வந்தால் தங்கைக்கு அக்கா என்பது மறந்துபோகும்.

லாரியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கண் முழு வீட்டையும் அளந்துவிட்டது. அவள் கண்ணுக்கு அதுதானே பழக்கம்? ஒரு வீடு என்றால் ஒரு குடும்பம், ஒரு குடும்பம் என்றால் ஒரு லாரி. "என் சாமானையும் சேர்த்துப் பார்த்துட்டேன்டி" என்றாள்.

"உன் சாமானையும் எனக்கே குடுத்து அனுப்புறியா? எதுக்கு, தர்மமா?" என்று கேட்டுவிட்டுத் தங்கை உள்ளறைக்குப் போய் மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். அது கடகடவென்று ஓடிய வேகத்தைப் பார்த்தால் துணிதான் பாவம்.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் லாரியக்கா மறுபடி வாசலில் நின்றாள். இந்தத் தடவை பாதி வீட்டை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தாள். கேட்க எளிதாக இருக்கிறது. ஹாலில் இருக்கும் நாற்காலிகளில் எந்தப் பாதி தங்கையுடையது? சுவர்க் கடிகாரம்? இரும்புப் பெட்டி? இது அவளுடையது, இது என்னுடையது என்று பிரிக்கத் தொடங்கினால் அளவு ஓடிப்போகிறது, அளவைப் பிடித்தால் பிரிவு ஓடிப்போகிறது. முதலில் நடு லாரி என்று தோன்றியது. தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தால் சின்ன லாரி என்று தோன்றியது. ஒரே வீட்டை இரண்டு முறை பார்த்து இரண்டு விடை வந்தது அவள் சரித்திரத்திலேயே கிடையாது.

"என்ன, ஏதாவது தேறுச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"சின்ன லாரியே போதும்னு நினைக்கிறேன்."

மெஷின் நின்றது. "இத்தனை வருஷம் உன்கூடக் கெடந்ததுக்கு எனக்குச் சின்ன லாரிதான் தேறுச்சா?"

லாரியக்கா உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். காலையில் பெரிய லாரி என்றால் கோபம். மாலையில் சின்ன லாரி என்றாலும் கோபம். என்னதான் வேண்டும் இவளுக்கு? "சரி, நடு லாரின்னு வெச்சுக்கோயேன்" என்றாள் சமாதானமாக.

"இதென்ன ஏலமா, நீ பாட்டுக்கு ஏத்தி இறக்க?" என்றாள் தங்கை.

கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று லாரியக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பல் டாக்டரின் வீட்டைப் பார்க்கப் போனாள். வாசலில் நின்றாள். நடு லாரி, கூடவே செடித் தொட்டிகளுக்குப் பின்பக்கம் கொஞ்சம் இடம் என்று பட்டென்று வந்தது. சாமான் ஏற்றிய டிரைவர் போன் செய்து, "அக்கா, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றான். ஆகக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே போனால் வேலை செய்கிறது, வீட்டுக்கு வந்தால் மக்கர் பண்ணுகிறது. இப்படியும் ஒரு கண் உண்டா? அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

வேறு வழியில்லாமல் அந்த டிரைவரையே வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவன் ஒல்லியான ஆள், வாய் மட்டும் அவனுக்கு ஆறடி. "ஊருக்கெல்லாம் லாரி சொல்றவங்க வீட்டுக்கு நான் வந்து லாரி சொல்லணுமா? காலம் கெட்டுப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே வந்தான். வந்து பார்த்துவிட்டு, "எது யாரோடதுன்னு சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றான்.

அங்கேதான் வினை பிடித்தது.

"அந்தக் குக்கர் அவளோடது" என்றாள் லாரியக்கா.

"இல்லை, அது அக்காவோடது. அக்காதான் வாங்குச்சு" என்றாள் தங்கை.

"வாங்கினது நான். சமைக்கிறது யாரு?"

"சமைக்கிறது நான். சாப்பிடுறது யாரு?"

"நீ எடுத்துட்டுப் போடி, எனக்கு எதுக்கு? ஒருத்திக்கு அவ்வளவு பெரிய குக்கரா?"

"எனக்கு அங்கே மருமக வாங்கி வெச்சிருப்பா. நீதான் பட்டினி கெடப்பே."

"யாருக்குமே வேணாம்னா எனக்குக் குடுத்துடுங்க, என் வீட்டுக்காரி சந்தோஷப்படுவா" என்று டிரைவர் குக்கரில் கை வைத்தான். "கையை எடு!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். பாவம், அவன் சூடு பட்டவனைப்போலக் கையை எடுத்துக்கொண்டான்.

இப்படியே கடிகாரம், இஸ்திரிப்பெட்டி, மடக்கு நாற்காலி, போர்வை என்று ஒவ்வொன்றாகப் போனது. எல்லா வீட்டிலும் இது எனக்கு, அது எனக்கு என்று அடித்துக்கொள்வார்கள். இங்கே இது உனக்கு, அதுவும் உனக்கு என்று அடித்துக்கொண்டார்கள். ஹாலின் இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியல். லாரியக்கா ஒன்றைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பாள். திரும்புவதற்குள் தங்கை அதை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுவாள். சின்ன லாரிக் குவியல் நடு லாரிக் குவியல் ஆகும், மறுபடி சின்னதாகும். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்தான். "உங்களுக்கே தெரியாததை நான் எப்படி அக்கா சொல்றது? முடிவாச்சுன்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

கடைசியில் இருவரும் களைத்துப்போய், சண்டைக்கு வந்த சாமான்களில் பாதியை அட்டைப்பெட்டிகளில் போட்டுக் கட்டி ஹாலில் அடுக்கினார்கள். யாருக்கு எது என்பதெல்லாம் அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. குக்கரும் ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. இனி உள்ளறை மட்டும்தான் பாக்கி. அதில் சண்டை எதுவும் இல்லை. அது முழுக்க முழுக்கத் தங்கையின் அறை. அதில் இருக்கும் எதையும் யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை, அதனால் இருவரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

லாரியக்கா உள்ளறை வாசலில் நின்றாள். தங்கை மெஷினில் குனிந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். லாரியக்கா ஒரு பார்வை பார்த்தாள். துணி மூட்டைகள், இரண்டு சூட்கேஸ், நூல்கண்டுப் பெட்டிகள், ஒரு இஸ்திரி மேஜை. மூட்டையை அழுத்தினால் பாதியாகிவிடும். அதோடு ஹாலில் இருக்கும் பெட்டிகள். இத்தனை நாள் குழப்பத்துக்குப் பிறகு விடை பளிச்சென்று வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது அவளுக்கு.

"சின்ன லாரிதான்டி. சந்தேகமே இல்லை. இந்தத் தடவை நல்லாப் பார்த்துட்டேன்."

தங்கை தலையைத் தூக்கவில்லை. "சரி" என்றாள்.

முன்பு வந்த கோபம் எதுவும் அதில் இல்லை. வெறும் சரி. விவரமான பெண் என்றால் அந்த ஒற்றைச் "சரி"யிலேயே உஷாராகியிருக்க வேண்டும். லாரியக்கா முதலாளிக்குப் போன் போட்டுச் சின்ன லாரிக்குச் சொல்லிவிட்டாள்.

லாரி வந்த அன்று காலை தங்கை உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசிச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து வாங்கிப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். மூட்டைகள், சூட்கேஸ்கள், நூல்கண்டுப் பெட்டிகள், இஸ்திரி மேஜை இவற்றை மட்டும் விடிந்ததுமே ஹாலுக்குத் தள்ளிவிட்டிருந்தாள். சாதாரணமாக லாரிக்காரர்கள் பெரிய சாமான்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள். டிரைவர் வழக்கம்போல "பெருசு எது அக்கா?" என்று கேட்டான். "பெருசுன்னு ஒண்ணும் இல்லைப்பா. ஹால்ல இருக்கிறதை ஏத்துங்க. அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க, அவசர வேலையில இருக்கா" என்றாள் லாரியக்கா. வாயில் ஏதோ பேசினாளே தவிர, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒவ்வொரு பெட்டி வெளியே போகும்போதும் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தாள்.

பெட்டிகள் ஏறின. மூட்டைகள் ஏறின. லாரி கச்சிதமாக நிறைந்தது. டிரைவர் கயிற்றை இழுத்துக் கட்டி, "என்ன கண்ணு அக்கா உங்களுக்கு!" என்று பாராட்டிவிட்டு, கிளம்பலாம் என்று சொல்ல உள்ளே வந்தான். அதே நேரம் தங்கை கதவைத் திறந்தாள்.

டிரைவர் அறைக்குள் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இதெல்லாம்?"

"எதெல்லாம்?"

"இந்தக் கட்டில். இந்த பீரோ. இந்த மெஷின்."

லாரியக்கா வந்து எட்டிப் பார்த்தாள். கட்டில் இருந்தது. சுவரோரமாக மர பீரோ ஆள் உயரத்துக்கு நின்றது. ஜன்னலடியில் மெஷின், மேஜையும் மிதிகட்டையுமாக. மூன்றும் யானை யானையாக இருந்தன. இந்த அறையை நேராக நின்று பார்த்தோமே! இந்த மெஷினில் அவள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும்போதுதானே பார்த்தோம்!

"ஊர்ல இருக்கிறவன் வீட்டு ஊசியைக்கூட விடாம அளந்தியே" என்றாள் தங்கை. "என் கட்டில் மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியலைடி."

"இவ்வளவு பெரிய பீரோ தெரியலை?"

"சத்தியமாத் தெரியலைடி. நான் பார்த்தேன். நல்லாத்தான் பார்த்தேன். ஆனா…" லாரியக்கா திணறினாள். எப்படிச் சொல்வது? வாசலில் நிற்கும்போது கண் கதவைக் கழித்தது, ஜன்னலைக் கழித்தது, மின்விசிறியைக் கழித்தது. அதே கையோடு இந்த மூன்றையும் கழித்துவிட்டிருக்கிறது. "வீட்டோட சேர்ந்ததுன்னு கழிச்சுட்டேன் போல. நான் கழிக்கலை, அதுவா கழிஞ்சிடுச்சு. சுவர் மாதிரி நினைச்சுட்டேன்டி."

"பொய் சொல்லாதே. நான் போகக் கூடாதுன்னு வேணும்னே சின்ன லாரி சொல்லியிருக்கே."

இல்லை என்று சொல்லத்தான் லாரியக்கா வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, அது நிச்சயம். ஆனால் நிச்சயம்தானா? அவளுக்குள் வேறு யாராவது உட்கார்ந்துகொண்டு, அவளைக் கேட்காமலே கழித்துவிட்டார்களா? "தெரியலைடி" என்றாள். "எனக்கே தெரியலை. என்னைப் போட்டு வதைக்காதே."

"நான் போகக் கூடாதுன்னு நினைச்சியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

லாரியக்கா டிரைவரைப் பார்த்தாள். அவன் கெட்டிக்காரன், லாரியின் டயரைப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"நினைச்சேன்" என்றாள்.

"எப்போ?"

"போன் வந்த அன்னிக்கே."

"வாயைத் திறந்து சொன்னியா?"

"நீ எந்த லாரின்னுதானேடி கேட்டே?"

"எந்த லாரின்னு கேட்டா, லாரியே வேணாம்னு சொல்லுவேன்னுதான்டி கேட்டேன்!" தங்கை கத்தியேவிட்டாள். "ஒரு தடவை கேட்டேன், பெரிய லாரின்னே. மறுபடி கேட்டேன், சின்ன லாரின்னே. அப்புறம் நடு லாரி. ஊரான் வீட்டுக்கு வந்த மாதிரி வாசல்ல போய் நிக்கிறே, என் பண்டத்தையெல்லாம் முறைச்சுப் பார்க்கிறே. எத்தனை தடவைடி கேட்கிறது?"

லாரியக்கா கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் தங்கை எதற்குக் கோபப்பட்டாள் என்பது இப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன பிரயோசனம்? வாசலில் லாரி நிற்கிறது. எல்லா லாரியும் சரியாகச் சொன்னவளுக்கு, பேச வேண்டிய ஒன்று பேச வரவில்லை.

"போகாதேடி" என்றாள்.

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பார்த்தால் அது ஒன்றும் அவ்வளவு கடினமாக இல்லை.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "லாரி வந்து நின்ன பிறகு சொல்றியே, நீயெல்லாம் ஒரு அக்காவா? போகாம எப்படி இருக்கிறது? அந்தப் பொண்ணுக்கு அம்மா கிடையாது. இன்னிக்கோ நாளைக்கோன்னு உட்கார்ந்திருக்கா."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் சொல்லலை."

வெளியே டிரைவர் டயரை உதைத்துக்கொண்டிருந்தான். நல்ல டயர்தான், அதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு தங்கை முந்திக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். லாரிக்காரர்களைக் கூப்பிட்டாள். சமையல் பாத்திரங்கள் இருந்த பெட்டிகளை இறக்கச் சொன்னாள். அந்த இடத்தில் மெஷின் ஏறியது. போகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது, குழந்தைக்குத் தைக்க வேண்டும். பீரோவிலிருந்த துணியை மட்டும் எடுத்து இரண்டு சாக்கில் திணித்தாள். பீரோவைத் தொடக் கூடாது என்றுவிட்டாள்.

"கட்டிலைக் கழட்டி மேலே படுக்கையா போட்டுக் கட்டிடலாம், பார்த்துப் போனா தாங்கும்" என்றான் டிரைவர்.

"வேணாம்."

"அங்கே எதுல படுப்பே?" என்றாள் லாரியக்கா.

"அங்கே குழந்தையோட தரையில படுத்துக்குவேன். இங்கே வந்தா என்னால தரையில படுக்க முடியாது. முட்டி போயிடும்."

லாரியக்கா அவளையே பார்த்தாள். அவள் சொன்னதைப் பிடித்துக்கொள்ளலாமா, கூடாதா என்று தெரியவில்லை. இத்தனை லாரிகளை அனுப்பியவள் ஆயிற்றே. "லாரியோட போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லைடி" என்றாள். "நான் பார்த்ததே இல்லை."

"அவங்கல்லாம் கட்டிலையும் ஏத்திட்டுப் போனவங்க" என்றாள் தங்கை. டிரைவரின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை அடைத்துக்கொண்டாள். லாரி நகர்ந்த பிறகும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாள் என்பது இருவருக்குமே தெரியும்.

லாரியக்கா தெருவில் நின்று, யார் பார்த்தால் எனக்கென்ன என்று வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்தாள். அது கிறீச்சென்றது. கனமான கட்டில், நான்கு பேர் பிடித்தால்தான் நகரும். பீரோ தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு பெரியதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று அவளுக்கு அப்போதும் புரியவில்லை.